போட்டோவைப் பார்த்து வரையலாமா? இருட்டறையிலிருந்து சில குறிப்புகள்

எங்கள் ஓவிய வகுப்பில் ரொம்ப நாளாக ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. போட்டோவைப் பார்த்து வரையலாமா, கூடாதா? ஒரு கட்சி, "அது காப்பி. ஆளை உட்கார வைத்து நேரில் பார்த்து வரைவதுதான் வரைவது" என்கிறது. இன்னொரு கட்சி, "ஆளாளுக்குக் கையில் செல்போன் வைத்துக்கொண்டு இதெல்லாம் ஒரு பேச்சா" என்கிறது. கேன்டீனில் டீ ஆறும்வரை நடக்கும். தீர்ப்பு மட்டும் வந்ததில்லை.

இந்த வருடம் நான் துணைப்பாடமாக போட்டோகிராபி எடுத்திருக்கிறேன். ஃபிலிம், என்லார்ஜர், சிவப்பு விளக்கு என்று பழைய முறையிலேயே சொல்லித் தருகிறார்கள். ஏழெட்டு மாதம் அந்த இருட்டறையில் நின்ற பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். இரண்டு கட்சியும் "போட்டோ" என்று சொல்வது, ஏதோ தானாக வந்து விழுந்த ஒன்றை. இருட்டறையில் அப்படி எதுவும் தானாக விழுவதில்லை. எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு, எந்த இடத்தைக் கையால் மறைத்தோம் என்று எல்லாமே யாரோ ஒருத்தர் எடுத்த முடிவு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஃபிலிம். ஜெலட்டின் பூச்சுக்குள் வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன. வெளிச்சம் பட்ட படிகத்தில் சில வெள்ளி அணுக்கள் மட்டும் பிரிந்து நிற்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. டெவலப்பரில் போட்டால், அந்தச் சில அணுக்களைப் பிடித்துக்கொண்டு முழுப் படிகமும் கறுப்பான உலோக வெள்ளியாக மாறும். வெளிச்சம் படாத படிகமும் சும்மா இருக்காது, அதிக நேரம் விட்டால் அதுவும் மெல்லக் கறுக்கும். அதனால்தான் நேரக் கணக்கு. பிறகு ஹைப்போ, மிச்சம் இருக்கிற வெள்ளி உப்பைக் கரைத்து வெளியே எடுத்துவிடும். கடைசியில் நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். ஹைப்போ தங்கிவிட்டால் சில வருடத்தில் படம் பழுப்படிக்கும். நம் வீட்டு ஆல்பங்களில் பாதிப் படங்களுக்கு அந்தக் கதிதான்.

இதில் புத்தகத்துக்கும் நம் ஊருக்கும் ஒரு சண்டை உண்டு. புத்தகம் எல்லாம் 20 டிகிரி செல்சியஸ் என்று சொல்லும். ஏப்ரலில் நம் குழாயில் வருவது அரை வெந்நீர், 30 டிகிரிக்கு மேல். 400 வேகமுள்ள இல்ஃபோர்டு ஹெச்.பி.5 ஃபிலிமை, தண்ணீர் கலக்காத டி-76 டெவலப்பரில், 20 டிகிரியில் ஏழரை நிமிடம் போல வைக்கிறோம். 24 டிகிரி என்றால் அதுவே சுமார் ஐந்து நிமிடம். அதற்கும் மேலே சூடு ஏறினால் நேரம் ரொம்பக் குறைந்து, வானம் மாதிரியான வெறும் இடங்களில் திட்டுத் திட்டாக வரும். ஆகவே ஐஸ். டெவலப்பருக்குள் ஐஸ் கட்டியைப் போடக்கூடாது, அது கரைந்து டெவலப்பரை நீர்க்க வைத்துவிடும். பாட்டிலை ஒரு டப்பில் நிற்க வைத்து, சுற்றி ஐஸ் தண்ணீர். ஹைப்போவும் கழுவுகிற தண்ணீரும்கூட கிட்டத்தட்ட அதே சூட்டில் இருக்க வேண்டும். திடீரென்று மாறினால் ஜெலட்டின் சுருங்கி, காய்ந்த கண்மாய் மாதிரி வெடிப்பு விழும். மே மாதம் எங்கள் செலவில் ஐஸுக்கு என்று தனிக் கணக்கே உண்டு.

பிரிண்ட் போடுவதுதான் ஓவியம் படிக்கிறவர்களுக்கு முக்கியமான பாடம். அந்தக் காகிதத்துக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது, அதனால் நாம் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம். வெள்ளைக் காகிதத்தை டெவலப்பர் தட்டில் நழுவ விட்டு ஆட்டிக்கொண்டே இருந்தால், அரை நிமிடத்துக்குள் முதலில் கறுப்புகள் வரும். தலைமுடி, கண்மணி, கதவிடுக்கு. பிறகு நடுச் சாம்பல்கள். கன்னம், சட்டை, சுவர் எல்லாம் கடைசியில். இதில் கவனித்தது ஒன்று: எந்த முகமும் கோடாக வருவதில்லை. மூக்குக்கு ஓரக்கோடு கிடையாது. ஒரு இருட்டுத் திட்டும் ஒரு வெளிச்சத் திட்டும் சேருகிற இடத்தை நாம்தான் மூக்கு என்கிறோம். முதல் ஆண்டில் சார் "கோடு போடாதே, டோனைப் பார்" என்று தலையில் அடித்துக்கொண்டது, இந்தத் தட்டில் இரண்டே நிமிடத்தில் கண்முன்னால் நடந்துவிடுகிறது.

அடுத்தது டெஸ்ட் ஸ்ட்ரிப். காகிதத்தின் ஒரு துண்டை அட்டையால் மறைத்து மறைத்து, 4, 8, 16, 32 நொடி என்று வெளிச்சம் கொடுப்போம். ஏன் 4, 8, 12, 16 என்று கூட்டிக்கொண்டே போகவில்லை? அப்படிச் செய்தால் முதல் இரண்டு பட்டைகளுக்கு நடுவில் பெரிய வித்தியாசமும், கடைசி இரண்டுக்கு நடுவில் சொற்ப வித்தியாசமும் தெரியும். இரட்டிப்பாகப் போனால் படிகள் ஒழுங்காக இருக்கும். நம் கண்ணும் கிட்டத்தட்ட அப்படித்தான் கணக்குப் போடுகிறது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் சரிபாதி என்று நமக்குத் தோன்றும் சாம்பல், தன்மேல் விழுகிற வெளிச்சத்தில் பாதியைத் திருப்பி அனுப்புவதில்லை. சுமார் 18 சதவீதம்தான் அனுப்புகிறது. கேமரா கடைகளில் சாம்பல் அட்டை என்று விற்பது இதைத்தான். ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் உருவாக்கிய 'ஜோன் சிஸ்டம்' என்ற முறையில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 0 முதல் 10 என்று பதினொரு படிகள். இந்தச் சாம்பல் அதில் நடுவில், ஐந்தாம் படி. முதல் ஆண்டில் போஸ்டர் கலரில் வெள்ளை முதல் கறுப்பு வரை கட்டம் கட்டமாகத் தீட்டச் சொல்லி எங்களை வதைத்தார்களே, அதுவும் இதேதான். ஒன்று ரசாயனத்தில், ஒன்று தூரிகையில்.

நிறத்தையும் டோனையும் பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி சொல்கிறேன். செம்பருத்திச் செடியைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பாருங்கள். நேரில் பளிச்சென்று கண்ணைப் பறிக்கிற பூ, படத்தில் இலைக்குள் ஒளிந்துவிடும். சிவப்பும் பச்சையும் நிறத்தில் எதிரெதிர், ஆனால் வெளிச்ச அளவில் கிட்டத்தட்ட ஒன்று. லென்ஸுக்கு முன்னால் சிவப்பு ஃபில்டர் வைத்தால் பூ வெளுத்து இலை கறுக்கும், பச்சை ஃபில்டர் வைத்தால் தலைகீழ். ஆக, அதே செடிக்கு மூன்று போட்டோ, மூன்றும் உண்மைதான். எதை எடுத்து வரையப் போகிறாய் என்று கேட்டால் "காப்பி" கட்சி என்ன சொல்லும்?

காய்கிற விஷயத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. பிரிண்ட் ஈரத்தில் வெளிச்சமாகத் தெரியும், காய்ந்தால் ஒரு பிடி கறுக்கும். வாட்டர் கலர் இதற்கு நேர் எதிர், காய்ந்தால் வெளுக்கும். அக்ரிலிக் மறுபடி கறுக்கும். திங்கள் இருட்டறை, செவ்வாய் வாட்டர் கலர், வியாழன் அக்ரிலிக் என்று டைம்டேபிள் இருக்கிற எங்கள் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

இனி கொஞ்சம் வரலாறு. போட்டோகிராபி ஓவியத்தை விரட்ட வந்த எதிரி என்று பொதுவாகப் பேசுவார்கள். அது தொடங்கிய கதை அப்படி இல்லை. 1833-இல் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் என்ற ஆங்கிலேயர் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் உட்கார்ந்து, கேமரா லூசிடா என்ற கண்ணாடிக் கருவியின் துணையோடு காட்சியை வரையப் பார்த்தார். கருவி இருந்தும் கை வரவில்லை. இந்தப் பிம்பம் தானாகவே காகிதத்தில் பதிந்துகொண்டால் எப்படி இருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தவர்தான், பிற்பாடு நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போடும் முறையைக் கண்டுபிடித்தார். 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக அவர் வெளியிட்ட புத்தகத்துக்குப் பெயரே 'இயற்கையின் பென்சில்'. வரைய ஆசைப்பட்டு முடியாமல் போன ஒரு ஆள் செய்த வேலை இது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி.

நம் பக்கத்துக் கதை இன்னும் சுவாரசியம். சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர், 1850-இல். இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரியின் தொடக்கம் அதுதான். அதே ஹண்டர்தான் 1856-இல் மதராஸ் போட்டோகிராபிக் சொசைட்டியையும் தொடங்கினார். தூரிகையும் கேமராவும் இங்கே ஒரே ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கின்றன.

அந்தக் காலத்தில் மதராஸ் அரசின் போட்டோகிராபராக இருந்தவர் லின்னேயஸ் டிரைப். 1857-58-இல் ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று பெரிய கேமராவையும் மெழுகுக் காகித நெகட்டிவ்களையும் தூக்கிக்கொண்டு சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 பிரிண்ட்களாக எடுத்து ஒட்டி, ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளத்தில் ஒரே படமாக ஆக்கியிருக்கிறார். ஆவணம் என்றால் அப்படி ஒரு ஆவணம். ஆனால் அவருடைய கோயில் படங்களில் வானத்தைப் பாருங்கள். அன்றைய ரசாயனத்துக்கு நீல வெளிச்சம் அளவுக்கு மீறித் தெரியும், அதனால் வானம் வெறும் வெள்ளையாக எரிந்துபோகும். டிரைப் என்ன செய்தார்? நெகட்டிவின் மேல் வண்ணம் தீட்டி மேகம் சேர்த்தார், சில இடங்களில் மர இலைகளையும் திருத்தினார். நெகட்டிவில் தூரிகை பட்ட இடம் பிரிண்ட்டில் வெளுக்கும், ஆகவே எல்லாவற்றையும் தலைகீழாக நினைத்துத் தீட்ட வேண்டும். கோபுரம் வெளிச்சம் வரைந்தது, மேகம் டிரைப் வரைந்தது. அதே காகிதம், அதே வருடம். மேகத்தைப் பொய் என்று சிலர் சொல்வார்கள். நேரில் அங்கே நின்ற எந்தக் கண்ணுக்கும் வானம் அட்டை வெள்ளையாகத் தெரிந்திருக்காது, எனக்கு அந்த வெள்ளைதான் பெரிய பொய்யாகப் படுகிறது.

செல்போன் கட்சிக்கும் ஒரு வார்த்தை. உங்கள் போன் உங்களைக் கேட்காமலே நிழலைத் தூக்கி, தோலை வழவழப்பாக்கி, வானத்தை நீலமாக்கித்தான் கொடுக்கிறது. அதைப் பார்த்து வரைந்த முகத்தில் நிழல் செத்துக் கிடப்பது அதனால்தான். வரைவதற்காக எடுக்கிறீர்கள் என்றால் ஜன்னல் ஓரமாக ஒரு பக்க வெளிச்சத்தில் எடுங்கள், இருட்டான இடம் இருட்டாகவே இருக்கட்டும்.

இவ்வளவும் எனக்கு வெறும் வகுப்பு விஷயமாக இருந்திருக்கும், எங்கள் ஆச்சி இல்லையென்றால்.

திருநெல்வேலியில் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் தாத்தா படம் ஒன்று மாட்டியிருக்கிறது. எழுபதுகளில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. கறுப்பு வெள்ளைப் பிரிண்ட்டுக்கு மேல் கையால் வண்ணம் ஏற்றியது: உதட்டில் லேசான ரோஸ், சட்டை வெளிர்நீலம். அவருக்கு இருப்பது அந்த ஒரே படம். கீழ் ஓரத்தில் பூஞ்சை பிடித்து ஏறிக்கொண்டே வருகிறது. அதைப் பார்த்துப் பெரிதாக ஒரு ஆயில் பெயின்டிங் செய்து, ஆடி அமாவாசைக்குள் மாட்ட வேண்டும் என்று வீட்டில் சொன்னார்கள். பென்சிலில் முகத்தை வரைந்துகொண்டுபோய் ஆச்சியிடம் காட்டினேன். ஆச்சிக்கு எண்பத்தி மூணு வயசு. கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "போட்டோ மாதிரியே இருக்கு. அவுக மாதிரி இல்லட்டி" என்றாள்.

அப்புறம்தான் விஷயம் வந்தது. "இடது புருவத்துக்கு மேல குழியா ஒரு தழும்பு இருக்கும்லா. கமலைக் கயிறு அறுந்து அடிச்சது. இதுல எங்க இருக்கு? போட்டோக்காரன் முழுசா வழிச்சிட்டான். இந்தச் சட்டையும் அவுகளுது கிடையாது. வெள்ளையத் தவிர ஒண்ணும் போட மாட்டாக."

ஸ்டூடியோக்காரர் செய்தது என்ன என்று இப்போது எனக்குப் புரிந்தது. அதை அவர்கள் டச்சிங் என்பார்கள். குழிந்த தழும்பு பிரிண்ட்டில் கறுப்பு நிழலாக விழும். பிரிண்ட்டில் கறுப்பு என்றால் நெகட்டிவில் அந்த இடம் தெளிவாக, வெளிச்சம் புகுந்து போகிற மாதிரி இருக்கும். கூரிய பென்சிலால் அந்தத் தெளிவான இடத்தைப் புள்ளி புள்ளியாக நிரப்பினால், பிரிண்ட்டில் நிழல் மறைந்து தோல் மாதிரி ஆகிவிடும். சுருக்கம், அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழ் கருவளையம் எல்லாவற்றையும் இப்படித்தான் போக்கினார்கள். ரொம்ப நுணுக்கமான கை வேலை, நான் குறைவாகப் பேசவில்லை. கல்யாணத்துக்குப் பெண் தேடுகிற படம் என்றால் அதற்கென்றே காசு. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். படத்தில் நெற்றியின் இடது பக்கம் ஒரு விரல் நக அளவுக்கு மட்டும் தோல் அளவுக்கு மீறி வழவழப்பாக இருக்கிறது. நெகட்டிவ் எப்போதோ போய்விட்டது.

சரி, தழும்பை வரைந்துவிடலாம் என்றால் பெரியப்பா சம்மதிக்கவில்லை. "எனக்கு அப்ப ஆறு வயசும்மா, உங்கப்பாவுக்கு மூணு. எங்களுக்கு அப்பான்னா இந்தப் போட்டோதான். இதுல இல்லாததை வரைஞ்சா அது வேற யாரோ மாதிரி இருக்கும்" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. பெரியப்பா பக்கத்தை என்னால் தள்ள முடியவில்லை. ஐம்பது வருடமாக இரண்டு பிள்ளைகள் கும்பிட்டு நின்ற முகம் அது, தழும்பு இல்லாத முகம். ஆச்சி நெஞ்சில் இருப்பது இன்னொரு முகம். அதைப் பார்த்தவர் என்று இப்போது உயிரோடு இருப்பது ஆச்சி மட்டும். கேன்டீன் வழக்கு நம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

கேன்வாஸில் கை வைப்பதற்கு முன்னால், ஆச்சி சொல்வது எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று தெரிய வேண்டும். அதற்கு நான் பிடித்த வழி சயனோடைப். இருட்டறையே வேண்டாம், வெயில் போதும் என்பதால் வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காகவும் எழுதுகிறேன். 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது. ஹைப்போவை நிலைநிறுத்தப் பயன்படுத்தலாம் என்று சொன்னவரும் இவரேதான். மறுவருடமே அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர், கடற்பாசிகளை இந்த முறையில் பதித்துப் புத்தகமாகப் போட ஆரம்பித்தார். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு இரண்டையும் தனித்தனியாகத் தண்ணீரில் கரைத்து, மங்கலான அறையில் சம அளவு கலந்து, கெட்டியான வாட்டர் கலர் காகிதத்தில் பூசிக் காய வைக்க வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், எந்த அமிலத்தின் பக்கத்திலும் ஃபெர்ரிசயனைடைக் கொண்டுபோகாதீர்கள். நெகட்டிவை மேலே வைத்து, கண்ணாடியால் அழுத்தி, நம் ஊர் வெயிலில் பத்து நிமிடம் போல வைத்துவிட்டு, வெறும் தண்ணீரில் கழுவினால் முடிந்தது. வருகிற நீலம், பெயின்ட் டியூபில் பிரஷ்யன் நீலம் என்று வாங்குகிறோமே, அந்த நிறமியேதான். போட்டோவா பெயின்ட்டா என்று கேட்டால் இதற்கு இரண்டும்தான் பதில்.

தாத்தா படத்தைப் போனில் எடுத்து, நிறத்தைத் தலைகீழாக்கி, ஜெராக்ஸ் கடையில் டிரான்ஸ்பரன்சி தாளில் லேசர் பிரிண்ட் எடுத்தேன். அதுதான் நெகட்டிவ். லேசர் பிரிண்ட்டின் கரிப்பொடி தாளின் மேலேயே ஒட்டியிருப்பதால் ஊசியால் சுரண்டினால் வந்துவிடும். சுரண்டிய இடத்தில் வெளிச்சம் கூடுதலாகப் புகும், பிரிண்ட்டில் அங்கே நிழல் விழும். ஸ்டூடியோக்காரர் பென்சிலால் நிரப்பியதை நான் ஊசியால் திறக்கிறேன், அவ்வளவுதான். எந்தப் பக்கம் நிழல் என்பதுதான் யோசிக்க வேண்டியிருந்தது. பள்ளம் என்பதால், வெளிச்சம் வருகிற பக்கத்து விளிம்பின் உள்சுவர்தான் நிழலாக இருக்கும், எதிர்ச்சுவர் பளபளக்கும். மேடாக இருந்தால் இதற்கு எதிர். படத்தில் மூக்கு நிழலை வைத்து ஸ்டூடியோ விளக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்து, ஒரு அரிசி நீளத்துக்குச் சுரண்டினேன்.

முதல் பிரிண்ட்டைக் காய வைத்துக் கொண்டுபோனேன். "என்னட்டி, நீலமா இருக்காக" என்று சிரித்தாள் ஆச்சி. பெரியப்பாவும் எட்டிப் பார்த்தார். அப்புறம் தன் சுண்டுவிரல் நகத்தை என் நெற்றியில் வைத்து அழுத்தி, "இங்கன. நீ போட்டது ரொம்பக் கீழ. நீளமும் பத்தாது" என்றாள். பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, என் நெற்றியையும் பிரிண்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்க, இன்னொரு தடவ காட்டு" என்று ஆச்சியிடம் கேட்டார்.

ஜெராக்ஸ் கடையில் இன்னும் நான்கு டிரான்ஸ்பரன்சி எடுத்து வைத்திருக்கிறேன். சட்டை வெள்ளை என்பதில் மட்டும் இப்போதைக்கு எல்லாருக்கும் சம்மதம்.